யோகராசா அண்ணைக்குத் தேடிய ஏரிக்கரை

1. முதல் நாள்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரை விட்டு வெளியேறும் பெருந்தெருவின் ஓரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரு வாகன முற்றம் இருக்கிறது. அங்கே பதினெட்டு ஓட்டோகம்பர்கள் நிற்கும். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வாடகை வாகனங்கள் அவை. பத்தொன்பது வருடமாக அந்த முற்றத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் ஒரு மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்று மீன் துப்புரவாக்கினேன். ஒரே இடத்தில் நிற்பது எனக்குச் சரிவராது. காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

முதல் நாள் முதலாளி பெண்ட் எனக்கு வாகனத் திறப்பையோ கணினியையோ காட்டவில்லை. ஒரு வாகனத்தின் பக்கவாட்டில் இருந்த சிறிய கதவைத் திறந்து, கழிப்பறையின் கழிவுப் பெட்டியை இழுத்து என் கையில் தந்தார்.

"முதல்ல இதைக் கழட்டப் பழகு. பிறகு ஊத்தப் பழகு. மிச்சமெல்லாம் பிறகு பாப்பம்" என்றார். டேனிஷில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே ஒரு 'நீ'தான். அதனால் அவருடைய பேச்சை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் போனேன். ஒரு மாதத்தில் பெண்ட் சொன்னது விளங்கிவிட்டது. வாகனத்தை எடுத்துப் போகிறவர்கள் முதல் நாள் படுக்கை அழகாக இருக்கிறது என்று படம் அனுப்புவார்கள். மூன்றாம் நாள் எடுக்கும் தொலைபேசி அந்தப் பெட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும். நிரம்பிவிட்டது, எங்கே ஊற்றுவது, எவ்வளவு தூரம் தூக்குவது. ஒரு முகாம் இடம் நல்லதா கெட்டதா என்பதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வாகனம் கழுவி, படுக்கை விரித்து, காஸ் சிலிண்டர் மாற்றிக் காலம் போனது. தமிழ் வாடிக்கையாளர்கள் கூடக் கூட பெண்ட் என்னை மேசைக்கு மாற்றினார். ஓல்போர்க், ஹேர்னிங் பக்கத்திலிருந்து எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள் வந்தார்கள். பிறகு ஐடி வேலைக்கு வந்த இந்தியத் தமிழ்க் குடும்பங்களும் வரத் தொடங்கின. எங்கே போவது, எந்த முகாமில் தங்குவது, அந்த முகாமில் எத்தனையாம் இலக்க இடம் என்று அவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

எல்லாருக்கும் வேண்டியது ஏரிதான். தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கிறது. "மேடம், லேக் வியூ கன்ஃபர்ம்டா கிடைக்குமா? கதவத் தெறந்தா தண்ணி தெரியணும். வைஃப்கிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன்." நான் முதல் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தேன். அந்த வரிசைகளின் இலக்கங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த முகாமில் எந்த இடத்தில் நின்றால் தண்ணீர் அதிகம் தெரியும் என்று வரைபடத்தைப் பாராமலே சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்த இடங்களில் பலவற்றை நான் நேரில் பார்த்துப் பல வருடமாகியிருந்தது என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மேசைக்கு வந்த பிறகும் கதிரையில் உட்காராமல் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். "உனக்கு எதுக்குக் கதிரை?" என்று பெண்ட் கேட்பார்.

2. பின்பக்கம் பதிந்த வாகனம்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமை. அந்த வாரம் பள்ளி விடுமுறையின் உச்சம். பதினேழு வாகனங்கள் வெளியே போய்விட்டன. கடைசி வாகனம் ஓல்போர்க்கிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்காக நின்றது.

பதிவு செய்தவர் மலர் என்ற பெண். வசந்த காலத்திலேயே தொலைபேசியில் கதைத்திருந்தார். "நாங்கள் மூண்டு பேர். நாலு இரவு. ஏரி தெரியிற இடமா வேணும். உள்ளுக்கு இருந்தபடியே தெரிஞ்சா நல்லம்" என்றார். இதைவிடச் சுலபமான வேலை எனக்கு இல்லை. சில்கெபோர்க் பக்கத்து ஏரி ஒன்றில், ஒரு பெரிய முகாமின் முதல் வரிசையில், நாற்பத்தோராம் இலக்க இடத்தைப் பிடித்தேன். "வாகனத்திலயிருந்து காலை நீட்டினா தண்ணியில முட்டும் அக்கா" என்று சொன்னது கூட நினைவிருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். காரை ஓட்டி வந்தது மகள் அபிரா. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பின்னால் மலர் அக்கா. முன் இருக்கையிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். ஜூலை மாதத்தில் தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். அவர்தான் யோகராசா அண்ணை. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே போய் ஓட்டோகம்பரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் தட்டினார். திரும்பவும் ஒரு சுற்று.

நான் அபிராவுக்குத் தண்ணீர்த் தொட்டி, காஸ், மின்சாரம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் மலர் அக்கா தங்கள் காரிலிருந்து ஆறு கனத்த காட்போட் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாகனத்தின் வால்பக்கக் களஞ்சியத்தில் அடுக்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது வாகனம் பின்னால் நன்றாகப் பதிந்திருந்தது.

"அக்கா, உதுக்குள்ள என்ன?"

"சாப்பாட்டுச் சாமான்."

"பின்னுக்கு இவ்வளவு பாரம் வைச்சா முன் சில்லு றோட்டைப் பிடிக்காது. மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல போனா பிள்ளையின்ர லைசன்சுக்கு ஓடவும் ஏலாது. திறவுங்கோ, நடுவுக்கு மாத்தி வைப்பம்."

அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. அபிரா தாயைப் பார்த்தாள். பிறகு என்னிடம் டேனிஷில், தணிந்த குரலில் சொன்னாள்: "அது அப்பாவின்ர டயலிசிஸ் தண்ணி."

அவரின் சிறுநீரகம் இரண்டும் அதற்கும் மூன்று வருடத்துக்கு முன் நின்றுபோய்விட்டன. ஆஸ்பத்திரி இயந்திரத்துக்குப் போகாமல் வீட்டிலேயே செய்யும் முறை அவருக்கு. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம், பழைய தண்ணீர் இரண்டு லீட்டரை வெளியே வடியவிட்டு, சூடாக்கிய புதிய தண்ணீர் இரண்டு லீட்டரை உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம். கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும், காற்று வரக்கூடாது, கை சுத்தமாக இருக்க வேண்டும். கிருமி போனால் வயிறு முழுக்கப் பழுதாகும். வாகனத்தில் போகலாமா என்று அபிரா தாதியிடம் கேட்டிருக்கிறாள். கவனமாகச் செய்தால் தாராளமாகப் போகலாம் என்று சொல்லி, வழியிலுள்ள ஆஸ்பத்திரியின் இலக்கமும் கொடுத்திருக்கிறார்.

"வருத்தக்காரர் எண்டு சொன்னா வாகனம் தரமாட்டியள் எண்டு நினைச்சன்" என்றார் மலர் அக்கா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் அது நிற்கவில்லை. நான் அவரிடம் எத்தனை படுக்கை என்று கேட்டேன். சைக்கிள் கொண்டு போகிறீர்களா, நாய் இருக்கிறதா என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்தேன். வடியும் தண்ணீர் கழிப்பறைக்குள்தான் ஊற்றப்பட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு லீட்டருக்கு மேல். கழிவுப் பெட்டி பதினெட்டு லீட்டர். மூன்று பேரின் பாவிப்பும் சேர்ந்தால் ஒன்றரை நாளில் நிரம்பும். நாற்பத்தோராம் இலக்க இடத்திலிருந்து ஊற்றுமிடம் மேட்டின் உச்சியில். அந்த வரிசையின் மின்கம்பங்கள் பழையவை, ஆறு அம்பியர் மட்டும். சோறு அவிக்கும் குக்கரையும் தண்ணீர் சூடாக்கும் தட்டையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் விழும். புல் தரை வேறு. அந்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை பெய்திருந்தது.

நான் அவ்வளவு புகழ்ந்து கொடுத்த இடம் இது.

3. அரை மணித்தியாலம்

அலுவலகத்துக்குள் ஓடிப்போய்ப் பத்து நிமிடத்தில் வேறு இடம் பிடித்தேன். ஓட்டோகம்பர்களுக்கென்றே கட்டிய சரளைக்கல் முற்றம். பதினாறு அம்பியர். மட்டமான தரை. ஊற்றுமிடம் இருபது அடியில். ஆஸ்பத்திரியும் கிட்ட. ஜூலையில் அப்படி ஓர் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சந்தோஷமாக வெளியே வந்து சொன்னேன். மலர் அக்காவின் முகம் தெளிந்தது.

யோகராசா அண்ணை நடப்பதை நிறுத்தினார். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

"தண்ணி தெரியுமோ?"

"இல்லை அண்ணை. மரங்களுக்கு அங்கால. அஞ்சு நிமிசம் நடந்தா ஏரி."

"அப்ப நான் வரேல்லை."

சொல்லிவிட்டுக் காரில் போய் இருந்துவிட்டார். மலர் அக்கா பின்னால் போனார். "இஞ்சருங்கோ, பிள்ளை லீவு எடுத்து வந்து நிக்கிறாள். எல்லாம் கட்டியாச்சு. நடந்து போய்ப் பாக்கலாம்தானே?" அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கார்க் கதவருகே நின்றேன். அவராகவே கதைத்தார்.

"தங்கச்சி, நான் பதினேழு வருசம் பஸ் ஓடின ஆள். கண்ணாடிக்கு முன்னால எந்த நேரமும் ஏதோ ஒண்டு போய்க்கொண்டிருக்கும். இப்ப நாளுக்கு நாலு தரம் அரை அரை மணித்தியாலம் கதிரையில குந்தியிருக்கிறன். எழும்ப ஏலாது. எங்கட அறை ஜன்னலுக்கு நேர எதிர் மாடிவீட்டு புளக்கின்ர செங்கல் சுவர். அதை மூண்டு வருசமாப் பாக்கிறன். நடந்து போய் ஏரி பாக்கிறதெண்டா எனக்கு ஓல்போர்க்கிலயே தண்ணி இருக்கு. எனக்கு அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் வேணும். வேற ஒண்டுக்கும் இல்லை."

'உள்ளுக்கு இருந்தபடியே தெரிஞ்சா நல்லம்' என்று மலர் அக்கா தொலைபேசியில் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை நான் மற்ற எல்லாரும் சொல்வது போல ஓர் ஆசையாக எடுத்திருந்தேன்.

உள்ளே போய்ப் பெண்டிடம் நடந்ததைச் சொன்னேன். நேரில் போய் ஓர் இடம் தேடப் போகிறேன் என்றேன்.

"நாங்கள் ஆஸ்பத்திரி நடத்தேல்லை" என்றார்.

"அவை ஆஸ்பத்திரி கேக்கேல்லை. ஜன்னல் கேக்கினம்."

"வேற கிழமைக்கு மாத்து."

"செப்டெம்பர் வரைக்கும் வாகனம் இல்லை. நீதான் நேற்று பெருமையாச் சொன்னனீ."

அவர் தாடியைச் சொறிந்தார். "மேசையில ஆர் இருக்கிறது?"

"நீ."

அவர் தொலைபேசியைப் பார்த்தார். அது அப்போதே அடித்துக்கொண்டிருந்தது. பெண்ட் ஜூலை மாதத்தில் அந்த மேசையில் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு பெருமூச்சோடு போய் இருந்து தொலைபேசியை எடுத்தார்.

நான் அவர்களிடம் திட்டத்தைச் சொன்னேன். மதியம் பன்னிரண்டு மணி டயலிசிஸை இங்கேயே, எங்கள் மின்சாரத்தில், வாகனத்துக்குள் செய்யட்டும். முடிந்ததும் சில்கெபோர்க் பக்கம் மெல்ல ஓடி வரட்டும். அடுத்தது மாலை ஐந்து மணிக்கு. அதற்குள் நான் ஓர் இடம் பிடித்திருப்பேன். பிடிக்காவிட்டால் சரளைக்கல் முற்றத்துக்குப் போய் ஐந்து மணி அலுவலை முடித்துவிட்டு, விரும்பினால் மறுநாள் வீட்டுக்குத் திரும்பலாம்.

"பிடிப்பியளோ?" என்று கேட்டார் யோகராசா அண்ணை.

"தெரியேல்லை அண்ணை" என்றேன். பொய் சொல்ல அப்போது துணிவு இருக்கவில்லை.

4. குதிக்கால்

முதலில் நாற்பத்தோராம் இடத்துக்கே போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் பளபளத்தது. அழகான இடம்தான். புல்லில் குதிக்காலை அழுத்தினேன். சப்பாத்து பாதி வரை புதைந்தது. மூன்றரைத் தொன் வாகனம் அங்கே ஏறினால் ட்ரக்டர்தான் வர வேண்டும்.

புல் வெட்டிக்கொண்டிருந்த பணியாளரிடம் கேட்டேன். "ஓம், போன வருசமும் ரெண்டு வாகனம் புதைஞ்சது. இழுத்துத்தான் எடுத்தம்" என்றார்.

"எங்களுக்கு ஏன் அறிவிக்கேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைத் திரும்ப இயக்கினார்.

எத்தனை குடும்பத்தை அந்த வரிசைக்கு அனுப்பியிருப்பேன் என்று யோசித்தபடி காரில் ஏறினேன். நேரம் பன்னிரண்டாகியிருந்தது. அங்கே முற்றத்தில் அவர் குழாயைப் பொருத்திக்கொண்டிருப்பார்.

இரண்டாவது முகாம் ஒரு மேட்டில் இருந்தது. தரை கெட்டி, ஏரி முழுவதும் தெரிந்தது. ஆனால் இடங்கள் எல்லாம் சரிவு. வாகனத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினால் உள்ளே தட்டில் வைத்தது உருண்டு போகும். திருப்பாமல் நிறுத்தினால் ஜன்னலுக்கு முன்னால் வேலி. எதுவாயிருந்தாலும் ஞாயிறு வரை ஓர் இடமும் இல்லை. காரில் வைத்திருந்த பாணை நடந்துகொண்டே தின்றேன். அபிரா அழைத்தாள். "முடிஞ்சுது. வெளிக்கிடுறம். எங்க வாறது?" சில்கெபோர்க் பக்கம் வாருங்கோ, பிறகு சொல்கிறேன் என்றேன். ஒரு சந்தியில் பிழையான பக்கம் திரும்பி இருபது நிமிடம் காட்டுக்குள் சுற்றினேன்.

அப்படிச் சுற்றியதில்தான் மூன்றாவது முகாமின் பலகை கண்ணில் பட்டது. ஏரியின் ஒடுங்கிய முனையில் ஒரு சிறிய முகாம். எங்கள் பட்டியலில் அது இல்லை. வாசலில் 'இடமில்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போனால் அதையேதான் சொல்வார்கள். அதனால் நேரே தண்ணீர்ப் பக்கம் நடந்தேன்.

படகுகளை இறக்கும் சாய்தளத்தின் பக்கத்தில் அகலமான கொங்கிரீட் தரை ஒன்று இருந்தது. குளிர்காலத்துக்கு முன் படகுகளைக் கழுவும் இடம். மட்டமானது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். கழுவும் இயந்திரத்துக்காக நட்ட கம்பத்தில் நீல நிறப் பதினாறு அம்பியர் பிளக். திரும்பிப் பார்த்தேன். கழிவு ஊற்றும் கட்டடம் முப்பது அடியில் இருந்தது. தரையில் இரண்டு காலாலும் ஏறிக் குதித்துப் பார்த்தேன். படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் தூரிகையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

முகாமின் உரிமையாளர் இங்கர் என்ற பெண். எழுபதை எட்டியிருப்பார். இறப்பர்ச் சப்பாத்தோடு வந்தார்.

"அது இடமில்லை. அது படகுக்கு."

"தெரியும்" என்றேன்.

"ஜூலையில எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு. போன கிழமை ஒருத்தர் தன்ர நாய்க்கு ஆஸ்த்மா எண்டவர்."

நான் அவருக்கு முழுவதையும் சொன்னேன். குழாயைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். செங்கல் சுவரைச் சொன்னேன். நான் தவறான இடம் பிடித்துக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே போய்க் கொங்கிரீட்டின் ஓரத்தில் நின்று, கையால் அளந்து பார்த்தார்.

"இந்த ஓரத்தோட ஒட்டி நிக்கவேணும். சாய்தளத்தை மறிக்கக்கூடாது. பந்தல் விரிக்கக்கூடாது, இறைச்சி சுடக்கூடாது. நாளைக்கும் நாளண்டைக்கும் காலமை படகுக்காரர் வருவினம். அவை சண்டை பிடிச்சா நான் உன்னைக் கூப்பிடுவன். நீ வந்து கதைக்கவேணும், நான் கதைக்கமாட்டன்."

"வாறன்."

"இதை வேற ஒருத்தருக்கும் சொல்லாத. என்ர படகுத் தளத்தில ஒரு கிராமம் வந்திடும்."

நேரம் மூன்று இருபது. அபிராவை அழைத்து முகாமுக்கு வழி சொன்னேன்.

5. சாய்தளம்

நாலரைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் பின்னால் நின்று கை காட்டினேன். மேசைக்குப் பக்கத்து ஜன்னல் தண்ணீரைப் பார்க்கும்படி அபிரா ஓரத்தோடு ஒட்டி நிறுத்தினாள். இடது முன்சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து மட்டம் பார்த்தேன். மின்கம்பியைப் பொருத்தினேன். மலர் அக்கா கூரைக் காற்றுத் துவாரங்களைப் பூட்டி, மேசையை மருந்துத் திரவத்தால் இரண்டு தரம் துடைத்தார். வரும் வழியில் துவாயில் சுற்றிக் கொண்டு வந்த பையைச் சூட்டுத் தட்டில் வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கதவு பூட்டப்பட்டது.

நான் போயிருக்கலாம். என் வேலை முடிந்துவிட்டது. போகவில்லை. இங்கரும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

முகமூடியோடு யோகராசா அண்ணை ஜன்னலருகே இருந்தது தெரிந்தது. முதல் பத்து நிமிடம் அவர் வெளியே பார்க்கவே இல்லை. குழாயையும் பையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைவிட்டேனோ, இவ்வளவு ஓட்டமும் வீணோ என்று நினைத்தேன். அப்போது வாடகைத் தோணிகள் நாலைந்து ஏரியின் நடுவிலிருந்து கரைப்பக்கம் வந்தன. பிள்ளைகள் துடுப்பைத் தாறுமாறாகப் போட்டு ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் தலையைத் திருப்பினார். ஒரு தோணி இடது பக்கம் போனால் தலையும் இடது பக்கம் போனது. முகமூடிக்குள் வாய் அசைந்தது.

எந்தத் தோணி முதலில் கரைக்கு வரும் என்று அவர் மகளோடு பந்தயம் பிடித்ததாக மலர் அக்கா பிறகு சொன்னார். தோற்றுப்போனாராம்.

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு இங்கர் அழைத்தார். ஒரு சொல்தான். "வா."

ஒரு மணித்தியால ஓட்டம். வழி முழுவதும் படகுக்காரனுக்குச் சொல்ல வேண்டியதை டேனிஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பும் கெஞ்சலும் சட்டமுமாக மூன்று விதமாகத் தயார் செய்தேன். போய் இறங்கியபோது சாய்தளத்தில் மூன்று கார்கள் படகு வண்டில்களோடு வரிசையில் நின்றன. முன்னால், தடித்த ஜாக்கெட்டோடு, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு யோகராசா அண்ணை நின்றார்.

நடந்தது இதுதான். முதலில் வந்தவர் வாகனம் மறிக்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். உண்மையில் இடம் போதும். அவருக்குத்தான் வண்டிலைப் பின்னால் விடத் தெரியவில்லை. இரண்டு தரம் விட்டு இரண்டு தரமும் கோணலாகப் போயிருக்கிறது. அதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த யோகராசா அண்ணை இறங்கிப் போய்க் கையால் வழி காட்டியிருக்கிறார். படகு நேராகத் தண்ணீரில் இறங்கியது. அடுத்தவர் தானாகவே வழி காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"வலது, இன்னும் வலது, நில்" என்று டேனிஷில் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பன்னிரண்டு மணிக்கு எனக்கு வேலை இருக்கு. அதுக்குள்ள எல்லாரும் இறக்குங்கோ" என்றார்.

நான் இங்கரைப் பார்த்தேன். "என்னை ஏன் கூப்பிட்டனீ?"

"கூப்பிடேக்க சண்டை நடந்தது" என்றார் அவர். "நீ வாறதுக்குப் பிந்திட்டாய்."

மலர் அக்கா வாகனத்துக்குள்ளிருந்து தேத்தண்ணீர் கொண்டு வந்து தந்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

6. திரும்பி வந்த நாள்

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கோடைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பருவம் தொடங்கு முன் இரண்டு வாரம் எடுத்து, நான் அனுப்பும் முகாம்களுக்கெல்லாம் போய், இடம் இடமாக நடக்கிறேன். மழை பெய்த மறுநாள்தான் போவேன். தரையைக் குதிக்காலால் அழுத்துவேன். எத்தனை அம்பியர் என்று கம்பத்தைத் திறந்து பார்ப்பேன். ஊற்றுமிடத்துக்கு நடந்து அடி எண்ணுவேன். நிரம்பிய பெட்டியோடு ஒருமுறை நடந்து பாருங்கள், வரைபடத்தில் சின்னதாகத் தெரியும் மேடு எவ்வளவு பெரியது என்று விளங்கும். வரைபடம் தண்ணீரைக் காட்டும். சேற்றைக் காட்டாது.

அதைவிடப் பெரிய பாடம் ஆட்களைப் பற்றியது. எங்கே போக வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். அதைக் கேட்டால் எல்லாரும் ஏரி என்றுதான் சொல்வார்கள். உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், என்ன சமைப்பீர்கள், ஆருக்கு முழங்கால் நோகும், ஆருக்கு எத்தனை மணிக்கு மருந்து. வெட்கப்பட்டு மறைப்பவர்களும் நேரக்கணக்கு சொல்லும்போது சொல்லிவிடுவார்கள். ஏரி எதற்கு என்பதும் அதற்குள்தான் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன் அவர்கள் வாகனத்தைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். உள்ளே நான் துடைத்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. காட்போட் பெட்டிகளை அபிரா மடித்துக் கட்டி வைத்திருந்தாள். வயிற்றில் நோவோ காய்ச்சலோ ஒன்றும் வரவில்லை என்று மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெண்ட் வெளியே வந்து யோகராசா அண்ணைக்குக் கை கொடுத்தார்.

"எப்படி இருந்தது அண்ணை?" என்று கேட்டேன். நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் வாகனத்தைத் திரும்பிப் பார்த்தார். "முதல் மூண்டு நாளும் நல்லம். நேற்று அலுத்துப்போச்சு. படகெல்லாம் போயிட்டுது. அதே தண்ணி, அதே மரம்."

மலர் அக்கா தலையில் கை வைத்தார். அபிரா சிரித்துவிட்டாள். எனக்கு ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு உள்ளே ஏதோ ஒன்று இலேசானது. ஏரி அலுத்துப்போனது என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் எனக்கு எத்தனையோ பேர். சுகதேகிகள் எல்லாம் நாலாம் நாள் அப்படித்தான் சொல்வார்கள்.

"அடுத்த முறை ஓடுற தண்ணி பாப்பம் தங்கச்சி. கப்பல் போற இடமா. கரையில உப்பிடிக் கொங்கிரீட் தரை இருக்குமோ?"

"தேடிப் பாக்கவேணும்" என்றேன். உள்ளே கூட்டிப்போய் ஒரு வெற்றுத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "முதல்ல சொல்லுங்கோ அண்ணை, காலமை எத்தினை மணிக்கு எழும்புவியள்?"

"ஆறு மணிக்கு" என்றார். நான் கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. இரண்டு பேரும் நின்றபடியே எழுதினோம்.